மேலுதட்டுக்குள் ஒரு கற்கண்டு

அண்ணன் பல்லைக் காப்பாற்றும் யோசனை எனக்கு வந்தது, ஒரு ட்ரம் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில்!

போன ஞாயிறு மாலை. கொச்சி சுள்ளிக்கல்லில் என் அண்ணனின் பேண்ட் செட் பயிற்சி செய்யும் ஷெட். சர்ச் பெருநாள் நெருங்குவதால் ஒத்திகை தூள் பறந்தது. நடுவில் ட்ரம் மட்டும் தனியாக வாசிக்கும் ஓர் இடம் வரும். மற்றவர்களுக்கு அது மூச்சு வாங்கும் நேரம். அண்ணன் கிளாரினெட்டை இறக்கினான். சட்டைப் பைக்குள் கை போனது. ஒரு கற்கண்டு!

அதைச் சாதாரணமாக வாயில் போட்டிருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். அவனோ மேலுதட்டை லேசாகத் தூக்கி, இடது பக்கம், பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே அதைச் செருகினான். பேனாவைப் பையில் செருகுவதுபோல அவ்வளவு பழக்கமாக. அப்புறம் கிளாரினெட்டை எடுத்து ஊதத் தொடங்கிவிட்டான்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அதே இடது பக்கம், அதே முன்பல்லைத்தான் போன மாதம் டென்டிஸ்ட் அடைத்து அனுப்பியிருந்தார்!

புதிதாக வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் மட்டாஞ்சேரிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அண்ணன் பெயர் கண்ணன். பகலில் யூதர் தெருவான ஜூ டவுனில் ஏலக்காய் குடோன், மாலையில் கிளாரினெட். நான் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு ஒரு லேபில் வேலை செய்கிறேன். அண்ணனுக்கு மலையாளம் சரளமாக வரும், தமிழ் எழுத்து மட்டும் ஏறவில்லை. அதனால்தான் அவன் வாயைப் பற்றி இங்கே இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்!

கிளாரினெட்காரனுக்கு முன்பல் என்பது அழகுக்கு அல்ல. வாத்தியத்தின் வாய்ப்பகுதி மேல் முன்பற்களில்தான் ஊன்றி நிற்கிறது. இந்தப் பெருநாளில் சர்ச் வாசலில் அவனுக்கு முதல்முறையாக ஒரு சோலோ. இத்தனை வருடம் கூட்டத்தோடு ஊதியவனுக்கு, தனியாக ஊதக் கிடைத்த முதல் வாய்ப்பு. டென்டிஸ்டோ தெளிவாகச் சொல்லிவிட்டார்... இப்படியே போனால் அடைத்தது நிற்காது, பல்லே நிற்குமா என்பதும் சந்தேகம்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது ஆரம்பித்தேன்.

"அண்ணே, டாக்டர் இனிப்பு வேண்டாம்னு சொன்னாரா இல்லையா?"

"வெள்ளைச் சீனிதான் வேண்டாம்னாரு. அதை விட்டாச்சே! சாயாவுக்குக்கூட சீனி இல்ல. இது பனங்கல்கண்டுடி. உடம்புக்கு நல்லது."

"உடம்புக்கு நல்லது. பல்லுக்கு?"

"பல்லு உடம்புல இல்லாம பின்னே எவிடெ இருக்கு?"



ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தக் கணக்கை அவன் மட்டுமா போடுகிறான்? வெள்ளைச் சீனி வில்லன். வெல்லம், கருப்பட்டி, கற்கண்டு எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள்! நம் வாய்க்குள் குடியிருக்கும் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. பனையில் வந்தாலும் கரும்பில் வந்தாலும், இவற்றில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியிலும் அதேதான்.

சர்க்கரைகளில் பல வகை உண்டு. பழத்தில் இருக்கும் ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ் பாக்கெட்டில் வரும் குளுக்கோஸ் — இவற்றைத் தின்றும் மியூட்டன்ஸ் அமிலம் கக்கும், பல்லை அரிக்கும். பாலில் உள்ள லாக்டோஸ் இவற்றைவிடச் சாது. சுக்ரோஸ் கிடைத்தால்தான் அதற்குக் கொண்டாட்டம்! உடைத்துத் தின்பது ஒரு பக்கம். அதிலிருந்தே ஒரு பசையும் தயாரித்துப் பல்லில் வீடு கட்டிக்கொள்கிறது. சாப்பாடும் அதுவே, சிமென்ட்டும் அதுவே!

நம்மைக் காப்பாற்றுவது எச்சில். அமிலத்தைக் கழுவி, பல்லைத் தேற்றிவிடும். அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் போதும். அண்ணன் கொடுப்பதில்லையே... ஒரு கல் கரைந்ததும் அடுத்த கல். அதிலும் மேல் முன்பற்களின் வெளிப்பக்கம் எச்சில் ரொம்ப மெதுவாகப் போய்ச் சேரும் இடம். வாயில் எத்தனையோ இடம் இருக்க, அங்கே பார்த்தா செருக வேண்டும்?

இதையெல்லாம் சொன்னால் கேட்பானா? கண்ணால் காட்ட வேண்டும்!

டென்டிஸ்டிடம் கெஞ்சி, பல்லில் படிந்த அழுக்கைச் சிவப்பாகக் காட்டும் சாய மாத்திரைகள் வாங்கினேன். செவ்வாய்க்கிழமை ஷெட்டில் போய் நின்றேன். மென்று, துப்பி, வாய் கொப்பளிக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் கை நீட்டியது ட்ரம்பெட் வாசிக்கும் ஜோசி சேட்டன். "ஆத்யம் எனிக்கு தா, மோளே!"

அவர் அல்வாப் பிரியர். மதியச் சாப்பாட்டோடு ஒரு பெரிய துண்டை உள்ளே தள்ளி, தண்ணீர் குடித்து, அதோடு அன்றைய இனிப்பை முடித்துக்கொள்பவர். ஈறோரம் அங்கங்கே ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவே. "கண்டோ! அல்வா சிந்தாபாத்!" என்று ஈயென்று பல்லைக் காட்டியபடி ஷெட்டைச் சுற்றி வந்தார்.

அடுத்து அண்ணன். மென்றான். கொப்பளித்தான். மேலுதட்டைத் தூக்கினான்.

இடது பக்கம், கற்கண்டு குந்தும் அதே இடத்தில், அடர் சிவப்பாக ஒரு திட்டு!

"எடா, கல்கண்டு அவிடெ ரேஷன் கார்டு எடுத்து தாமசமாக்கி!" என்றார் ஜோசி சேட்டன். அங்கேயே குடியேறிவிட்டதாம்! ஷெட்டே சிரித்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. போன் கேமராவில் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான். "பெருநாள் வரை இந்தப் பல்லு நிக்குமாடி?"

சாயம் காட்டுவது அழுக்கை மட்டும்தான், சொத்தையை அல்ல என்று அவசரமாக விளக்கினேன். அந்த முகத்தைப் பார்த்தபின் ஜெயித்த சந்தோஷமெல்லாம் எங்கே போனதோ!

அங்கேயே கற்கண்டுப் பொட்டலத்தை ஜோசி சேட்டனிடம் கொடுத்துவிட்டான். கதை சுபம் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன்...

அடுத்த ஒத்திகையிலேயே அவனுக்கு வாய் காய்ந்துவிட்டது. கற்கண்டைச் சும்மாவா வைத்திருந்தான்? எச்சில் ஊறத்தான்! மேல் ஸ்வரத்துக்குப் போனதும் ஒரு கீச்சு.

"கண்ணா, அது கிளாரினெட்டோ கோழிக்குஞ்ஞோ?" என்றார் ஜோசி சேட்டன்.

தண்ணீர் குடித்துப் பார்த்தான். ஊர்வலத்தில் நடந்துகொண்டே எத்தனை முறை பாட்டிலைத் தூக்க முடியும்? நான் சைலிட்டால் சூயிங்கம் வாங்கிக் கொடுத்தேன். சைலிட்டால் இனிக்கும், எச்சிலும் ஊறும். மியூட்டன்ஸ் அதை வாய்க்குள் வாங்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும்! ஐடியா பிரமாதம். ஆனால் வாசிக்கும் அவசரத்தில் கம் போய் வாத்தியத்தின் வாய்ப்பகுதியில் அதிரும் நாணல் துண்டான ரீடில் ஒட்டிக்கொண்டது. அன்று அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கம் வேண்டாம், கல்லாகவே செய்தால் என்ன?

சைலிட்டால் தூள் வாங்கி, சுக்குத் தண்ணீர் சேர்த்து நேற்று அடுப்பில் உருக்கித் தட்டில் ஊற்றினேன். ஆறியது. உறையவில்லை! பசையாக அப்படியே கிடந்தது. அம்மா கரண்டியால் இழுத்துப் பார்த்தாள்.

"பாகு பதம் தெரியாதவளுக்கு ஒரு மைக்ரோபயாலஜி!"

அண்ணன் மட்டும் விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். "கொள்ளாம்டி. ஜில்லுனு இருக்கு. வாய் ஊறுது. கட்டி ஆக்கிக் கொடு, போதும்."

குடோனிலிருந்து நேராக வந்தவன், முகம்கூடக் கழுவாமல் அந்தத் தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். இதற்குமேல் நான் விடுவேனா?

இன்று இரண்டாவது தட்டு. தண்ணீரே சேர்க்காமல் உருக்கி, சுக்குப் பொடி கலந்து, ஆறும்போது மேலே ஒரு சிட்டிகை சைலிட்டால் தூவப் போகிறேன். அந்தத் துகள்களைப் பிடித்துக்கொண்டு மற்றதும் உறையுமாம். ஷெட்டில் படுத்திருக்கும் நாய் பக்கம் ஒரு துண்டுகூடப் போகக் கூடாது, நாய்க்கு அது விஷம். மனிதர்களும் அளவு மீறினால் வயிறு கலகலத்துவிடும். ஆகவே இதைத் தின்று பார்க்கும் ஒத்திகையெல்லாம் வீட்டில், ஊர்வலத்தில் அல்ல!

பெருநாளன்று சர்ச் வாசலில் எனக்கு வேண்டியது இவ்வளவுதான் — அண்ணன் வாயில் எச்சில் ஊற வேண்டும், மியூட்டன்ஸ் பட்டினி கிடக்க வேண்டும்!