பனித்தரையில் வெறுங்கை

கடந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. தங்கை துளசியின் மிருதங்க அரங்கேற்றத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பயிற்சி இல்லாத ஒரே நாளில் பனிச்சறுக்குப் போகலாம் என்றாள். நாங்கள் இருக்கும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து நகர நடுவே உள்ள விக்டோரியா நிலையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். குளிர்காலத்துக்கு மட்டும் போடும் பனித்தளம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். டிக்கெட் ஆளுக்குப் பதினெட்டு பவுண்ட், அடியில் இரும்பு அலகு வைத்த சப்பாத்தின் வாடகையோடு.

நான் ஓரக் கம்பியை விடவில்லை.

"அக்கா, வேலி கட்டவே வந்தனீங்கள்? கையை விடுங்கோவன்!"

ஒலிபெருக்கியில் பாட்டு மாறியதும் துளசி கையுறைகளைக் கழற்றி என்னிடம் தந்தாள். தடித்த துணிக்குள் விரல் செத்த மாதிரி இருக்கிறதாம். வெறுங்கையால் கம்பியில் தாளம் தட்டினாள். பிறகு நடுவே போய் வழுக்கி விழுந்தாள். சிரித்தபடி எழ, விரல்களை விரித்துத் தரையில் ஊன்றினாள். பின்னால் வந்தவரால் நிறுத்த முடியவில்லை. சப்பாத்தின் அலகு வலது மோதிர விரலின் மேற்புறத்தில் ஏறிப் போனது.

முதலுதவிப் பெண் துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார். நான் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"முதல்ல வீட்ட வாங்கோ. அங்க நாள் முழுக்கக் குந்தியிருக்க ஏலுமே?"

வீட்டில் அம்மா கட்டை அவிழ்த்து மஞ்சள்தூளை அப்பினார். எங்கள் வீட்டில் எல்லா வெட்டுக்கும் அதுதான்.

"பார், ரத்தம் நிண்டிட்டுது."

"அம்மா, விரல் நிமிருதில்லை."

"விறைச்சிருக்கும். தேத்தண்ணி குடி."

காலையில் விரல் வீங்கிச் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தாதி அந்த மஞ்சளைக் கழுவக் கழுவத் துளசி என் கையை நசுக்கினாள். விரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருந்தது. புண்ணில் கிருமி பிடித்ததால் அதைத் தைப்பதும் தள்ளிப்போனது. முழுதாக நிமிரும் என்று மருத்துவர் சொல்லவில்லை.

"நான்தானே போட்டனான்," என்றார் அம்மா, யாரையும் பாராமல்.

பனிச்சறுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கையுறையைக் கழற்றாதீர்கள். விழுந்தால் விரல்களை மடக்கி முஷ்டியாக்கி, முழங்காலில் எழுங்கள். வெட்டினால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். எந்தத் தூளும் வேண்டாம். ரத்தம் நின்றது போதாது; விரல் மடங்கி நிமிர்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அன்றே ஆஸ்பத்திரி.

அரங்கேற்ற மண்டபத்தை ரத்துச் செய்தாயிற்று. மிருதங்கத்தில் 'நம்' என்ற தாளச்சொல் பிறக்க மோதிர விரல் தோலை மெல்லத் தொட்டு, அடுத்த சொல்லுக்கு விலகி எழவேண்டும். துளசியின் விரல் இப்போது தொடும், எழாது.

போன கிழமை ஆஸ்பத்திரியில் விரலுக்கான பயிற்சி முடிந்து ரயிலில் திரும்பினோம். பழக்கத்தில் அவள் கை முழங்காலில் தாளம் தட்டத் தொடங்கியது. ஓரிடத்தில் தடுக்கி நின்றது. முன்பெல்லாம் தாளம் பிழைத்தால் முதலிலிருந்து தொடங்குவாள். அன்று கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.