எம்.எல்.ஏ.வுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்

காலை ஏழு மணி. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் போகும் பஸ்ஸில் உட்கார இடம் தேடுவது வீண் ஆசை. அம்மனுக்கு வேண்டுதல் வைத்தவர்கள் வேப்பிலைக் கட்டும் கோழியும் குழந்தையுமாக ஏறியிருந்தார்கள். ஒரு ரூபாய் பத்து பைசாவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் பையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். இது எழுபத்தெட்டாம் ஆண்டில். சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் அப்போது வேலை. வீடு திருவள்ளூரில், தினமும் ரயிலில் போய் வருவேன்.

பையில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த ஒரு தாள் இருந்தது. அரசியல் பிரமுகர்களின் மனைவிகளைப் பற்றி ஒரு தொடர் போடுவதாக ஏற்பாடு. தாளில் நாலே கேள்விகள். திருமணம் எப்படி நடந்தது? தலைவருக்குப் பிடித்த பலகாரம் எது? வீட்டில் அவர் கோபப்படுவாரா? அவருடைய வெற்றியில் உங்கள் பங்கு என்ன? கடைசிக் கேள்விக்கு அடைப்புக்குறிக்குள், "இரண்டு வரி போதும்" என்று எழுதியிருந்தார்.

நான் பார்க்கப் போனவர் ஒரு சட்டசபை உறுப்பினரின் மனைவி. எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் இல்லை. லாரிகள் மணல் அள்ளிக்கொண்டிருந்தன. எட்டே காலுக்குப் பெரியபாளையம். வேப்பிலை ஆடை உடுத்தியவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு கோயிலை வலம் வர, அடுத்த பஸ் கிளம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆரணி, புதுவாயல் வழியாக இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல். புதுவாயலில் பெரிய சாலை ஏறியதும் நிலத்தின் முகமே மாறியது. நெல் வயலுக்கு நடுவில் தகரக் கூரைகள், புகைபோக்கிகள், முள்கம்பி வேலிகள், வேலிக்குள் இன்னும் பெயர் எழுதாத பலகைகள். விதைத்தது முளைக்கிற மாதிரி அங்கே தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன.

பத்தே முக்கால், கவரைப்பேட்டை. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவரிடம் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எம்.எல்.ஏ. ஊட்டுக்குன்னா மெட்ராஸுக்குப் போவணும். அந்தம்மா ஊட்டுக்குன்னா ஏறு."

"அந்தம்மா வீடும் எம்.எல்.ஏ. வீடும் ஒன்றுதானே?"

"கண்ணாலம் கட்டுனவங்கதான், இல்லேன்னு சொல்லல," என்று சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினார். மூன்று கிலோமீட்டருக்கு எழுபத்தைந்து பைசா.

ஓட்டு வீடு. வாசலில் கட்சிக் கொடி இல்லை. முன்னறையில் கரும்பலகை, தரையில் பதினைந்து இருபது பெண்கள் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் வளர்ந்தவர்கள், சிலர் மடியில் பிள்ளையோடு. பலர் விரலில் காயத்துக்குச் சுற்றிய துணி. பலகை அருகே நின்றவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கண்ணாடி, சாயம் போன நூல் சேலை. அவர்தான் நான் தேடி வந்த நாகரத்தினம்மா.

"பத்திரிகைலேர்ந்து வந்தியா? நாஷ்டா துன்னியா இல்லியா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் ஒரு பெண் தட்டில் இட்லி கொண்டுவந்துவிட்டாள்.

அந்தப் பெண்கள் பக்கத்துத் தகர டப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். பார்த்தவர்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. மூன்று வருஷம் வேலை செய்துவிட்டோம், எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டதற்கு, ஆறு நாளாக அவர்களைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

பெண்கள் சாப்பிடப் போன பிறகு என் தாளைப் பிரித்தேன். முதல் கேள்விக்கு அவர் நேராகவே பதில் சொன்னார்.

அவருடைய அப்பா பொன்னேரிப் பக்கத்தில் ஒரு பாதிரியார் வீட்டுச் சமையல்காரர். அதனால் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படிப்பு கிடைத்தது. பதினேழு வயதில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இங்கே ஒரு அரிசி மில்லில் கொதிகலனுக்கு உமி தள்ளும் வேலை. மாப்பிள்ளையின் அப்பா பிறர் நிலத்தில் கூலி. மாப்பிள்ளை நன்றாகப் பேசுவார், நன்றாகப் பாடுவார், எழுத்து மட்டும் தெரியாது.

"எங்க நைனா அத்த மறச்சிட்டாரு. கட்டிக்கினு வந்த மூணாம் நாளு, மில்லுல குடுத்த சீட்ட தலகீயா புட்ச்சிக்கினு நிக்குறாரு. எனக்கு சிரிப்பு வரல. அன்னிக்கி சாயங்காலமே ஸ்டேசனுக்கு இட்டுக்கினு போனேன்."

"ஸ்டேஷனுக்கு எதற்கு?"

"சிலேட்டு வாங்க டப்பு ஏது? பிளாட்பாரத்துல ஊரு பேரு பெர்சா எயுதிக்கீதே, அதான் சிலேட்டு. க, வ, ரை... ஏயு எயுத்து. அத்த ஒயுங்கா படிக்கறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சி. போற வர்ற ரயிலுக்காரங்கல்லாம் பாத்து சிரிப்பாங்க. சிரிச்சிக்கினு போட்டும்னுட்டு இவரும் உக்காந்தாரு. அதுக்குத்தான் அந்த மனுசன எனக்குப் புட்ச்சிது."

பிறகு கணவர் மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார். ஒரு மறியலில் மூன்று மாதம் சிறை. அங்கிருந்து தன் கையாலேயே மனைவிக்கு முதல் கடிதம் எழுதினார். நாகரத்தினம்மா அதிலிருந்த பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் திருத்தி அவருக்கே திருப்பி அனுப்பினார். அடுத்த கடிதத்தில் பிழை பாதியாகக் குறைந்ததாம். அந்த மூன்று மாதமும் நடவு, களையெடுப்பு என்று போய் வீட்டையும் சின்னஞ்சிறு மகளையும் காப்பாற்றியவர் இவர். கணவர் தேர்தலில் நின்றபோது மேடைப் பேச்சை எழுதிக் கொடுத்தவரும், சட்டசபையில் பேசிய முதல் பேச்சை எழுதிக் கொடுத்தவரும் இவரே.

"ஜெயிச்சப்பறம் ஒரு பேப்பர்ல போட்டாங்க, தெரு வெளக்குல படிச்சி முன்னுக்கு வந்த தலைவருன்னு. எங்கூர்ல அப்ப ஏது தெரு வெளக்கு? இன்னாய்யா இதுன்னு அவராண்ட கேட்டேன். ஜனங்களுக்கு அப்டி சொன்னாதான் புடிக்கும்ன்றாரு."

சென்னைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். நாலு மாதம். விழாக்களில் இரண்டாவது வரிசையில் உட்காரவைத்து, யாராவது ஏதாவது கேட்டால் சிரித்தால் போதும் என்று சொல்லிவைத்தார்களாம். ஐந்தாம் மாதம் தனியாக ரயிலேறி வந்துவிட்டார்.

"அவருக்குப் பிடித்தது என்ன?" என்று கேட்டேன். பலகாரம் என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

"கைதட்டல்," என்றார்.

மூன்று மணி. தெருவில் ஜீப் ஒன்று வந்து நின்றது. எம்.எல்.ஏ. இறங்கினார், கூடவே கம்பெனி மேனேஜர். பின்னால் வந்த ஆள் கையில் ஒரு கட்டுத் தாளும் கைநாட்டு வைக்கும் மை டப்பாவும். வேலையிழந்த பெண்கள் நாற்பது பேரும் சேதி தெரிந்து வாசலில் கூடிவிட்டார்கள்.

எம்.எல்.ஏ. நல்ல உயரம். குரல் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வீடு வரை போகக்கூடியது. "என் அன்பு சகோதரிகளே" என்று தொடங்கினார். இரவு பகல் பாராமல் நிர்வாகத்தோடு பேசியதாகவும், நாளைக் காலை கேட் திறக்கும் என்றும், இந்தத் தாளில் ஒரு கையெழுத்து, தெரியாதவர்கள் ஒரு கைநாட்டு, அவ்வளவுதான் என்றும் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். ஆறு நாள் அடுப்புச் சரியாக எரியாத வீடுகள் அவை. ஒரு பெண் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு முன்னாலேயே வந்துவிட்டாள்.

"கொஞ்சம் இரு மா," என்றார் நாகரத்தினம்மா. மேனேஜரின் ஆளிடமிருந்து ஒரு தாளை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"எல்லாம் நானே பாத்துட்டேன், ரத்னம்," என்றார் எம்.எல்.ஏ.

"நீ பாத்த. அவுங்க பாக்கலியே."

அவர் உரக்கப் படித்தார். பத்திரத் தமிழில் ஒரு வரி, பிறகு அதையே ஊர்ப் பேச்சில் ஒரு வரி. " 'நான் இன்று முதல் புதிதாகத் தினக்கூலியாகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறேன்.' அதாவது, இன்னிக்கிதான் மொத மொதல்ல வேலக்கி சேர்ற. 'இதற்கு முன் மேற்படி நிறுவனத்தில் எக்காலத்திலும் பணிபுரிந்ததில்லை.' அதாவது, இந்த மூணு வருசமும் நீ அங்க வேலயே செய்யல."

பிறகு தேவகி என்ற பெண் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

"அப்ப இந்த ரெண்டு வெரலு எந்த மிசின்ல சார் போச்சி?" என்று மேனேஜரைக் கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

மேனேஜர் எம்.எல்.ஏ. பக்கம் திரும்பினார். "உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் உள்ளே போகச் சொல்லுங்க."

எம்.எல்.ஏ.வின் மேடைத் தமிழ் போய்விட்டது. "உள்ள போ. பேஜாரு பண்ணாத. ஊட்ல போயி பேசிக்கலாம்."

"ஊட்ல பேசறதுக்கு இதுல நம்ம ஊட்டு விசயம் இன்னா கீது?" நாகரத்தினம்மா தாளின் அடிப்பக்கத்தைச் சுட்டிக் காட்டினார். "இங்க சாட்சின்னு போட்டு ஒன் கையெயுத்து கீது. ஒண்ணு கேக்கறேன். இத்தப் படிச்சிட்டுப் போட்டியா, படிக்காத போட்டியா?"

எல்லாரும் எம்.எல்.ஏ.வைப் பார்த்தார்கள். படிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே தப்பித்திருக்கலாம். படிக்கத் தெரிந்தவன் என்ற பெருமை விடவில்லையோ, அந்த அம்மாவிடம் பொய் சொல்ல வாய் வரவில்லையோ, எனக்குத் தெரியாது.

"படிச்சேன்," என்றார்.

"படிச்சிட்டுதான் போட்ட." நாகரத்தினம்மாவின் குரல் அப்போதுதான் சற்று இறங்கியது. "நான் ஒனக்கு எயுத்து சொல்லிக் குடுத்தது இதுக்கில்லய்யா."

தாளை நாலாக மடித்து மேனேஜரின் ஆளிடமே கொடுத்தார். கட்டைவிரலை நீட்டியபடி நின்ற பெண் விரலை மடக்கிக்கொண்டு பின்னால் போனாள். மை டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. எம்.எல்.ஏ. தெருவோரம் கிடந்த கல் உரல் மேல் உட்கார்ந்தார். அவரை உட்காரச் சொன்னவர் யாரும் இல்லை. வேட்டியில் மண் படுவதைக்கூட அவர் கவனிக்கவில்லை. மேனேஜர் இரண்டு தடவை ஹார்ன் அடிக்கச் சொன்ன பிறகே எழுந்து போனார்.

ஜீப் ஏறும் முன் என் கையிலிருந்த தாளையும் பேனாவையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இதெல்லாம் எழுதிடாதீங்கம்மா," என்றார். அதிகாரமாகச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டார். அது என்னைச் சங்கடப்படுத்தியது.

நாலரை மணி. விடைபெறும்போது நாகரத்தினம்மாவிடமே கேட்டேன், எழுதட்டுமா என்று.

அவர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எயுது. எம் பேரு போடு. தேவகி பேரு போடு. அவரு பேரு வாணாம். எனக்கு அவரோட இன்னும் குடுத்தனம் கீது."

"இதற்குப் பிறகுமா?"

"ஞாயித்துக்கெயம வருவாரு. சோறு போடுவேன். பேச்சு எயுதித் தரமாட்டேன். இன்னா பேசறதுன்னு இனிமே அவரே யோசிக்கட்டும்."

இரண்டு மாதம் கழித்து நாகரத்தினம்மாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது, ஒரு பிழை இல்லாமல். பெண்கள் இருபத்து மூன்று நாள் வெளியே நின்றார்கள். பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்ட பிறகு கம்பெனி இறங்கி வந்து, மூன்று வருஷத்தையும் கணக்கில் எடுத்து முப்பத்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டது. தேவகி உட்பட நாலு பேரைச் சேர்க்கவில்லை. அவர்களுக்காக லேபர் கோர்ட்டுக்குப் போயிருப்பதாகவும், மனுவைத் தானே எழுதியதாகவும் கண்டிருந்தது. கணவரைப் பற்றிக் கடைசியில் ஒரே வரி: "போன ஞாயிறு அவர் சொந்தமாக எழுதிய பேச்சைக் காட்டினார், இரண்டு பிழை." திருத்திக் கொடுத்தாரா என்று எழுதவில்லை.

அன்று கவரைப்பேட்டையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருவள்ளூரில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. கோயில் குளத்துப் படிகளைக் கடந்து எங்கள் தெருவுக்குள் நடந்தேன். தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கைங்கரியம் செய்யும் குடும்பங்கள் உள்ள தெரு அது. எழுதப் படிக்கத் தெரியாத பெண் ஒருத்தியை அங்கே பார்க்க முடியாது. என் அம்மாவுக்குத் தமிழும் வடமொழிக்கான கிரந்த எழுத்தும் தெரியும். அக்கா எஸ்.எஸ்.எல்.சி. நான் பி.ஏ. அப்பா காட்டிய இடத்தில் அம்மா கையெழுத்துப் போடுவாள். அத்திம்பேர் காட்டிய இடத்தில் அக்கா போடுவாள். ஆசிரியர் காட்டிய இடத்தில் நான் போட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் யாரும் அறியாதவர்கள் இல்லை. எல்லாவற்றையும் படித்தோம், ஆனால் வாய்க்குள்ளேயே படித்தோம். உரக்கப் படிப்பது வேறு வேலை என்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர் போய் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.