குடை பிடித்துப் பாடும் புத்தகம்

எங்கள் குன்னூர்ப் பக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் என்றால் பாதி நாள் மழைதான். ஒரு கையில் குடை, மறு கையில் பாட்டுப் புத்தகம். தாளைத் திருப்பக் கை ஏது? அதனால் சபை மாதர் சங்கத்தில் புதுப் புத்தகம் போட்டபோது, ஒவ்வொரு பாட்டும் இடது பக்கம் தொடங்கி எதிர்ப்பக்கத்திலேயே முடிகிற மாதிரி அச்சுக்கடையில் கம்ப்யூட்டரில் அடுக்கச் சொன்னோம்.

எல்லாம் முடிந்தபிறகு, காலஞ்சென்ற என் வீட்டுக்காரர் படம் புத்தகத்தின் முன்னால் ஒரு பக்கம் வேண்டும் என்றேன். கடைப் பெண் சேர்த்தாள். திரையில் பக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. நன்றாகத்தான் இருந்தது.

அச்சுக்கு முன் மாதிரிப் புத்தகம் ஒன்று தந்தாள். வாசலில் தூறல். குடையை விரித்துக்கொண்டு திறந்தால், முதல் பாட்டே வலது பக்கம் தொடங்கி, மீதி தாளுக்குப் பின்னால் போயிருந்தது. மற்றதும் அப்படியே. எனக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம். மற்றவர்கள் குழியருகே பாதியில் நின்றிருப்பார்கள்.

"ஏனுங்கம்மா, ஐயா ஒருத்தர் உள்ள வந்ததுல எல்லாப் பக்கமும் ஒண்ணு தள்ளிப் போச்சுங்க. படத்தை எடுத்துரட்டுங்களா? இல்ல, எதிர்ல ஒரு வெறும் பக்கம் விட்டாலும் சரியாயிருமுங்க" என்றாள் கடைப் பெண்.

"வெறும் பக்கமே விடு. அவரு அதிகம் பேசாத மனுசன்தான்" என்றேன்.

இப்போது சங்கத்துக்குப் பாட்டு எது அச்சடித்தாலும் திரையைப் பார்த்துச் சரி சொல்வதில்லை. மாதிரியை வாங்கி, வெயிலடித்தாலும் குடையை விரித்து, ஒரு பாட்டு முழுக்கப் பாடிப் பார்த்துத்தான் தலையாட்டுகிறேன்.