பெயர் எழுதாத மாங்கூடை

ஜூன் மாதம் வந்துவிட்டால் எங்கள் ஆபீஸ் முழுக்க மாம்பழ வாசனைதான். ஏகாம்பரம் சாரின் மேசைக்குக் கீழே, வைக்கோலுக்குள் இரண்டு கூடை காய் பழுத்துக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மூக்கு அங்கேயே போகும்... வேலை எங்கே ஓடும்?

திருப்பதி ரயில்வே ஸ்டேஷன் பக்கம், ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் இரண்டே அறை. அதுதான் சார் ஆரம்பித்த ஆய்வு மையம். சித்தூர் காலேஜில் எகனாமிக்ஸ் லெக்சரராக இருந்தவர். 'விவசாயி தன் விளைச்சலை எங்கே வேண்டுமானாலும் விற்கட்டும், யாரும் குறுக்கே நிற்க வேண்டாம்' என்று சொல்வதற்காகவே அந்த வேலையை விட்டவர். தெலுங்குப் பத்திரிகைகளில் எழுதி எழுதி, கடைசியில் அரசாங்கமே கூப்பிட்டு ஆலோசனைக் குழுவில் உட்கார வைத்தது.

எனக்கு அது முதல் வேலை. லீவுக்கு எங்கள் ஊர் சத்தியவேடு போனால் நைனா, அதான் என் அப்பா, விடமாட்டார்.

"கடையும் இல்ல, கம்பெனியும் இல்லன்ற. அப்ப அங்க இன்னாதாம்மா பண்றீங்க?"

"கவர்மெண்டுக்கு யோசனை சொல்றோம் நைனா."

"அது கேக்குதா?"

பதில் தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

கூடை கதைக்கு வருகிறேன். ஒன்று, புத்தூர்ப் பக்கம் இருக்கும் சாருடைய அண்ணன் கோவிந்தசாமி அனுப்புவது. இன்னொன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை மங்கம்மா அனுப்புவது. இரண்டு வீட்டிலும் அதே கிளிமூக்கு மாந்தோப்புதான். சார் இரண்டையும் அறுத்து ஒரே தட்டில் போடுவார்.

"எது ஆந்திரா, எது தமிழ்நாடு? சொல்லுங்க பாக்கலாம்."

யாராலும் முடியாது. ஒரு தடவை நான் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிட்டேன். "வுட்டு அடிச்ச நீ" என்று அப்படிச் சிரித்தார்.

அப்புறம் அந்த வருஷம் வந்தது...

காய்ப்பென்றால் அப்படி ஒரு காய்ப்பு. விலை படுத்துவிட்டது. ஜூஸ் பேக்டரி வாசல்களில் டிராக்டர்கள் நாள்கணக்கில் நின்றன. காய் வண்டியிலேயே அழுகி ஒழுகியது. அந்தப் பக்கத்துக் காயை உள்ளே விடாதே என்று இங்கே விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் கோவிந்தசாமி அண்ணன். தடுக்கலாமா வேண்டாமா என்று குழு சாரிடம்தான் கருத்துக் கேட்டது.

ஒருநாள் அண்ணனே ஆபீஸ் படியேறி வந்துவிட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"ஏகா, ஒரே ஒரு தபா எங்களுக்காவ எழுதுடா."

"அந்தப் பக்கம் நம்ம மங்கா கீறாண்ணா."

"அவள கட்டிக் குடுத்தாச்சு. உன்ன படிக்க வெச்சது ஆரு? நான் ஏர் ஓட்டிக்கினு இருந்தேன், நீ சித்தூர்ல படிச்சிக்கினு இருந்த."

சார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லேன்னு சொல்லலண்ணா. ஆனா தப்புன்னு தெரிஞ்சத எப்டி எழுதறது?"

"அப்ப நீ யாரோ, நான் யாரோ."

அவ்வளவுதான். நான் கொண்டுவந்து வைத்த காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது.

தடுக்கக் கூடாது என்றுதான் சார் எழுதினார். நான்தான் டைப் அடித்தேன். குழு அதை ஓரமாக வைத்துவிட்டது. எல்லையை மூடினார்கள். மறுநாளே சார் குழுவிலிருந்து விலகிவிட்டார். 'அது கேக்குதா?' என்று நைனா கேட்ட கேள்விக்கு எனக்கு அன்றைக்குத்தான் பதில் தெரிந்தது.

அந்த வாரமே மங்கம்மாவிடமிருந்து போன். அவர் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"சின்னண்ணா, செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்திக்கினாங்க. காயெல்லாம் வெந்துக்கினு கீது. உனக்குத்தான் பெரிய ஆபீசருங்க எல்லாம் தெரியுமே. ஒரு போன் போடேன்!"

உண்மைதான். ஒரே ஒரு போன் போட்டிருந்தால் அந்த வண்டி போயிருக்கும். போடுங்க சார், போடுங்க சார் என்று உள்ளுக்குள் கிடந்து தவித்தேன்.

"எல்லாருக்கும் மூடினத உனக்கு மட்டும் தொறக்கச் சொல்ல என்னால ஆவாதும்மா. உன் பின்னால நிக்கிற வண்டிக்காரன் இன்னா பாவம் பண்ணான்?"

பட்டென்று லைன் கட்டாகிவிட்டது. அவ்வளவு காயையும் ரோட்டோரம் கொட்டிவிட்டுத் திரும்பினார்களாம். எனக்கு சார் மேல் அப்படி ஒரு கோபம்! கூடப் பிறந்தவளுக்கு உதவாத கொள்கை என்ன பெரிய கொள்கை? அந்தக் கோபம் இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை, சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஜூனில் மேசைக்குக் கீழே வெறும் தரை. படியில் யார் ஏறினாலும் சார் நிமிர்ந்து பார்ப்பார். நாங்களும் மாம்பழப் பேச்சையே எடுக்கவில்லை.

மாதக் கடைசியில், லாட்ஜ் ரிசப்ஷனில் ஒரு கூடை வந்து இறங்கியது. ஒரே ஒரு கூடை. யாரோ ஆட்டோக்காரர் வைத்துவிட்டுப் போனாராம். பெயர் இல்லை, ஊர் இல்லை.

சார் ஒரு பழத்தை அறுத்தார். முகர்ந்தார். வாயில் போட்டு மெதுவாக மென்றார். பிறகு எங்களைப் பார்த்தார்... அண்ணன் தோப்பா, தங்கை தோப்பா, யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் முன்னாலேயே உடைந்து அழுதார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. நான் இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். எல்லையைத் தாண்டி மாங்காய் வண்டிகள் தாராளமாகப் போகின்றன, வருகின்றன. மையத்தை மூடியாகிவிட்டது. அந்த அறைகளில் இப்போது திருமலைக்குப் போகிறவர்கள் தங்குகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் சாரைப் போய்ப் பார்த்தேன். தளர்ந்துவிட்டார். உள்ளே நுழைந்ததுமே அதே வாசனை... கட்டிலுக்குக் கீழே ஒரு கூடை. வருஷா வருஷம் தவறாமல் வருகிறதாம், இன்னமும் பெயரில்லாமல். அப்போது இரண்டு. இப்போது ஒன்று.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஒரு போன் போட்டுக் கேட்டா யாருன்னு தெரிஞ்சிடும் இல்ல சார்?" என்றேன்.

"கேக்க மாட்டேம்மா. யாரு அனுப்பறாங்கன்னு தெரிஞ்சா, யாரு அனுப்பலன்னும் தெரிஞ்சி பூடும்."

ஒரு துண்டு அறுத்து என்னிடம் நீட்டினார்.

"துன்னு. நல்லாக் கீது."