ஓட்டுகிறவன் எடை

அண்ணனுக்கு அந்தக் கார் மேல் இருந்த பைத்தியம் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். குனிந்து மடங்கி உள்ளே போய் விழ வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்து ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றுக்கும் குடலே வாய்க்கு வந்துவிடும். பின்பக்கத்துக்கென்று புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஆசையாக வரவழைத்தான். அவை வந்து சேர்ந்த சமயத்தில்தான் அவன் வயிற்றில் கட்டி என்றார்கள். பெட்டி பிரிக்கப்படாமலே கட்டிலுக்கடியில் கிடந்தது.

அப்புறம் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியே கதி என்றாகிவிட்டது. ஆட்டோவில் போய்வருவது அவனுக்குப் பெரிய அவமானம். "அடுத்த தடவை நானே ஓட்டிக்கிட்டுப் போவேன். அதுக்குள்ள அந்த ஸ்பிரிங்க மாட்டிடுடா" என்று என்னிடம் ஒரே பிடிவாதம். அண்ணி சமையலறைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் வேலையை ஆரம்பித்தேன். அண்ணன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து உயிரை வாங்கினான். அவனுக்குத் துணையாக அண்ணியும் வந்து நின்றிருந்தார்.

"ஜாக்கிய மட்டும் நம்பாத. கட்டை வை."

"தெரியும்ண்ணா. வாய மூடிக்கிட்டு உக்காரு."

"ஒரு ஸ்பிரிங் மாத்தறதுக்குள்ள பெரிய மெக்கானிக் ஆயிட்டான்யா!"

எல்லாம் மாட்டியாயிற்று. கடைசி போல்ட்டுகளை மட்டும் சக்கரம் தொங்கும்போது முறுக்கக் கூடாது. காரைத் தரையில் இறக்கி, ஓட்டுகிறவன் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீக்கிரமே கிழிந்துவிடும். இது அண்ணன் வைத்திருந்த சட்டம். முன்பெல்லாம் அவன் உட்கார்ந்ததும் பின்சக்கரத்துக்கு மேலுள்ள இடைவெளி ஒரு விரல் அளவு குறையும்.

காரை இறக்கிவிட்டு அவனைக் கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டான். கதவைப் பற்றிக்கொண்டு தானே உள்ளே இறங்கி ஸ்டீயரிங்கைப் பிடித்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

சக்கரத்துக்கு மேல் விரல்களை வைத்துப் பார்த்தேன். அவன் உட்காருவதற்கு முன் மூன்று விரல் நுழைந்தது. இப்போதும் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது.

"எறங்கிச்சாடா?"

"புது ஸ்பிரிங் இல்லியாண்ணா, கல்லு மாதிரி இருக்கு. ஓட ஓட எறங்கிடும்."

அவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"நீ வந்து உக்காரு."

"நான் எதுக்குண்ணா?"

"உக்காருடா."

அண்ணி அவனை மெல்ல எழுப்பி வெளியே கொண்டுவந்தார். நான் உட்கார்ந்தேன். கார் அமுங்கியது. அண்ணன் குனிந்து தன் விரல்களை வைத்துப் பார்த்தான். மூன்றாவது விரல் நுழையவில்லை. பாழாய்ப்போன ஸ்பிரிங், எனக்கும் கொஞ்சம் விறைப்பாக நின்று தொலைத்திருக்கக் கூடாதா!

"அந்த ஸ்பேனர எடு" என்றான் அண்ணியிடம். "இவன் உக்காந்திருக்கும்போதே டைட் பண்ணிடு."

"நீங்க ஓட்டற வண்டிங்க."

"இனிமே இவன்தான ஓட்டப்போறான்."

அந்தக் காரை ஒருநாளும் தொடாத அண்ணி பழைய பாயை விரித்து அதில் படுத்தார். எந்தப் பக்கம் திருப்பணும் என்று கேட்டார். அண்ணன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். எனக்குப் பின்னால் போல்ட் இறுகும் சத்தம் கேட்டது. அவன் போதும் என்று சொல்லும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.