பெட்டியில் அடித்த சனம்

டார்ம்ஸ்டாட்டில் நான் வீட்டில் தவில் இசைத்தட்டுப் போட்டால், கீழ்வீட்டு ஜேர்மன்காரி விளக்குமாற்றுக் காம்பால் தன் வீட்டு முகட்டில் இடிப்பா. நான் உடனே நிறுத்திவிடுவேன். அவ்வளவு வீரன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளில் ஒரு கோடை ஞாயிறு. என்னோடு வேலைசெய்த ஜமேக்காக்காரன் டெல்ராய், பூங்காவில் அலுமாரி உயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கித் தன் நாட்டு றெகே இசை போட்டுக்கொண்டிருந்தான். "உன்ரை நாட்டு றெக்கோட் ஒண்டு கொண்டு வா" என்று கேட்டிருந்தான்.

"வேண்டாமப்பா, சனம் சிரிக்கும்" என்று மனைவி சுகந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கொண்டுபோன தவில் இசைத்தட்டில் ஊசியை வைத்தேன். தவில் முழங்கியதும் சனம் ஓடிவந்து பெட்டிகளில் படபடவென்று அடித்தது. நான் பழக்கதோஷத்தில் ஊசியைத் தூக்கி, மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

"நான் சொன்னனானெல்லே" என்றாள் சுகந்தி.

டெல்ராய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "விசரா, பிடிச்சால்தான் அடிப்பாங்கள். திருப்பி முதலிலையிருந்து போடச் சொல்லுறாங்கள்."

போட்டேன். தவிலின் இடி உள்ளங்காலால் ஏறி நெஞ்சை உலுக்கியது. முன்பின் தெரியாத சனம் தவிலுக்கு ஆடியது. சுகந்தியும் போய்ப் பெட்டியில் அடித்தாள். மன்னிப்புக் கேட்டுக் கேட்டே நான் கேட்டு வந்த இசை இவ்வளவு பெரிதா?

கீழ்வீட்டுக்காரி இப்பவும் முகட்டில் இடிக்கிறா. நான் இப்பவும் நிறுத்துகிறேன். ஆனால் அந்த இடியைக் கேட்டதும், ஒரு கணம், கை ஊசியைத் தட்டின் தொடக்கத்துக்குத்தான் கொண்டுபோகிறது.