எலியை அறியாத ஆன்டிபாடி

சுண்டுவிரல் நகத்தளவு மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் குப்பி. மூடியின் மேல் கறுப்புப் பேனாவில் ‘விமென்டின்’ என்று மட்டும் எழுதியிருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எந்த ஆன்டிபாடியும் அது வந்த குப்பியிலேயே எங்கள் கைக்கு வந்ததில்லை. ஆய்வுக்கூடத்தின் தலைவரான டாக்டர் தம் அறையில் உட்கார்ந்து அதைத் துளித்துளியாகச் சிறு குப்பிகளில் பிரிப்பார். பெயரை மட்டும் எழுதித் தம் கையாலேயே கொடுப்பார். கூட வந்த விவரத்தாள் அவருடைய அறையிலேயே தங்கிவிடும். கேட்டால், “குடுத்தத வெச்சு வேலையப் பாரும்மா. தாளப் படிச்சா பட்டை வந்துடுமா?” என்பார்.

விமென்டின் என்பது உயிரணுவுக்குள் சாரம் கட்டியதுபோல ஓடும் இழைகளின் புரதம். புற்றுநோய் உயிரணு இடம்பெயரத் தொடங்கும்போது அது பெருகும். ஆன்டிபாடி அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் படத்தில் கரும்பட்டையாகத் தெரியும். பட்டை வந்தால் புரதம் இருக்கிறது. வராவிட்டால் இரண்டு காரணங்கள்: புரதம் இல்லை, அல்லது அந்தப் புரதத்தை ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா இரண்டாவதை நினைத்தே பார்க்கவில்லை.

அக்கா என்று நான் அழைத்தது அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவரை. பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் அங்கே ஆய்வு உதவியாளர். அவருக்கு முன் இருந்தவர்கள் மனித உயிரணுக்களில் வேலை செய்தார்கள். அதே ஆன்டிபாடி அவர்களுக்குத் தடித்த பட்டைகளைக் கொடுத்தது. அக்காவை மட்டும் டாக்டர் எலியின் உயிரணுவுக்கு மாறச் சொன்னார். சொன்னவரே அந்தக் குப்பியையும் எடுத்துக் கொடுத்தார்.

பட்டை வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யாராவது ஒருவருடைய படத்தைத் திரையில் போட்டு அலசுவது எங்கள் வழக்கம். அந்தப் பருவம் முழுக்க அக்காவின் படம்தான். “என்னம்மா இது, பினாங்கு ஹில்லுல மூடுபனியப் படம் புடிச்சிட்டு வந்தியா?” என்று டாக்டர் கேட்பார். அறை சிரிக்கும். “கை ராசி இல்ல லா அவளுக்கு” என்பார் பக்கத்திலிருப்பவரிடம், அக்காவுக்குக் கேட்கும்படியாக.

அக்கா தம் கையைத்தான் சந்தேகித்தார். கரைசல்களைப் புதிதாகக் கலந்தார், ஜெல்லை மாற்றினார், ஒரு கையுறைக்கு மேல் இன்னொன்று போட்டார். தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம்கூட நேர்ந்துகொண்டார். அதே படத்தில், எல்லா உயிரணுவிலும் இருக்கும் ஆக்டின் என்ற இன்னொரு இழைப் புரதத்தின் பட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் அழகாக, ஒரே சீராக வந்தது. அதைப் பார்த்துத்தான் ஒருநாள் அழுதார். கடைசியில், தம் எலி உயிரணுக்கள் விமென்டினையே இழந்துவிட்டன, அதுவே புதிய செய்தி என்ற முடிவுக்கு வந்தார். உதவித்தொகையை நீட்டிக்கும் குழுவின் முன் அதைச் சொல்ல வேண்டும். நீட்டிக்காவிட்டால் படிப்பு அதோடு நின்றுவிடும். முந்தின நாள் டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, “நல்லா இருக்கு. இப்படியே சொல்லு” என்றார்.

அக்கா அப்படியே சொன்னார். குழுவினர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது டாக்டர் கையை உயர்த்தினார்.

“ஒரே ஒரு கேள்விம்மா. அந்த ஆன்டிபாடி எலியோட விமென்டினப் புடிக்குமா?”

டாக்டர் கோப்பிலிருந்து விவரத்தாளை எடுத்துக் குழுவின் பக்கம் தள்ளினார். மனித விமென்டினை மட்டுமே பிடிக்கும், எலியினுடையதைப் பிடிக்காது என்ற வரியில் மஞ்சள் மை பூசியிருந்தது.

“டாக்டர், நீங்கதானே குடுத்தீங்க…”

“நான் குடுத்தா? விஷம் குடுத்தாலும் குடிப்பியா?”

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே நடைபாதையில் டாக்டர் என்னிடம் நிதானமாகச் சொன்னார்: “மொத வாரமே எனக்குத் தெரியும். அவளாக் கண்டுபுடிக்கிறாளான்னு பார்த்தேன்.” குரலில் கோபமில்லை. எங்கள் ஒவ்வொருவரின் பிறந்தநாளையும் நினைவில் வைத்துக் கேக் வாங்கிவரும் அதே குரல்.

உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. அக்கா இப்போது பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களின் தரம் பார்க்கிறார். நானும் அந்த ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டேன். எப்போதாவது சேர்ந்து சாப்பிடுவோம். ஆய்வுப் பேச்சு எழுந்தால் மகனுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

போன மாதம் பாயான் பாரு சந்தையில் டாக்டரைப் பார்த்தேன். கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உற்சாகமாக அக்காவைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார்.

“நல்ல பிள்ளைலா அவ. புதுசா வர்ற ஸ்டூடண்ட்ஸுக்கு மொத நாள் அவ படத்தைத்தான் போட்டுக் காட்டுறேன். விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அப்புறம் ஒருத்தரும் அந்தத் தப்பச் செய்யறதில்ல.”

“பேரச் சொல்ல மாட்டீங்கதானே, டாக்டர்?”

கீரையின் ஈரத்தை உதறிப் பையில் போட்டார்.

“பேரோட சொன்னாத்தான்மா மனசுல நிக்குது.”